கை படும் கதவு, கால் படும் மாடிப்படி... வீட்டு மரவேலைக்கு எந்த பெயின்ட், எந்த பாலிஷ்?

சுவருக்கு பெயின்ட் அடிக்க வேண்டுமென்றால் கலர் கார்டை நாலு நாள் புரட்டுகிறோம். பக்கத்து வீட்டில் கேட்கிறோம், மொபைலில் படம் பார்க்கிறோம், வீட்டில் ஒரு சின்ன சண்டைகூடப் போட்டுக்கொள்கிறோம். ஆனால் கதவு, ஜன்னல், மாடிப்படி என்று வந்ததும், "அதுக்கு ஏதாவது ஒரு பிரவுன் அடிச்சு விட்டுடுங்கண்ணே" என்று பெயின்ட்டரிடம் ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அதன் பலன் ஒன்றிரண்டு வருஷத்திலேயே தெரிந்துவிடும். கதவின் கைப்பிடியைச் சுற்றி கறுத்துப்போய் பிசுபிசுப்பு. ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில் செதில் செதிலாக உரியும் பெயின்ட். மாடிப்படியின் நடுவில் மட்டும் தேய்ந்து வெளுத்த தடம்.

சுவரை நாம் தினமும் தொடுவதில்லை. மரவேலையைத் தொடாமல் ஒரு நாளும் போவதில்லை. போதாக்குறைக்கு மரம் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அதன் மேல் இருக்கும் பூச்சும் கூடவே அசைந்து கொடுக்க வேண்டும். அதனால் சுவருக்கான கணக்கு மரத்துக்குச் சரிப்பட்டு வராது. பிறகு எப்படித்தான் முடிவெடுப்பது? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: எது படும் இடம்?

எந்தக் கலர் என்று யோசிப்பதற்கு முன்னால், 'இந்த மரத்தின் மீது எது படுகிறது?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். கை படும் இடம், கால் படும் இடம், தண்ணீர் படும் இடம், வெயில் படும் இடம். வீட்டு மரவேலை முழுவதும் இந்த நான்குக்குள் அடங்கிவிடும்.

கை படும் இடம் என்றால் கதவு, அலமாரி, மாடிப்படியின் கைப்பிடிச் சட்டம். வியர்வையும் தோலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து சாதாரண வார்னிஷை மெதுவாக இளக்கிவிடும். பழைய கைப்பிடிகள் ஒட்டுவதுபோல இருப்பதற்கு இதுதான் காரணம். கால் படும் இடம் மாடிப்படி. அங்கே அழகைவிட, தேயாமல் இருப்பதும் வழுக்காமல் இருப்பதும் முக்கியம். தண்ணீர் படும் இடம் வாசக்காலின் அடிப்பகுதி, பாத்ரூம் கதவு, ஜன்னலின் கீழ்ச்சட்டம். வெள்ளிக்கிழமைதோறும் நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசும் வீடுகளில் அந்த ஓர் அடி உயரம்தான் முதலில் ஊறி, முதலில் உளுத்துப்போகும். வெயில் படும் இடம் தலைவாசல் கதவின் வெளிப்பக்கம். உள்ளறைக்குப் போடும் பாலிஷை அங்கேயும் போட்டால் வெளுத்து, வெடித்துவிடும்.

ஆக, ஒரே கதவுக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று பூச்சு மாறலாம். அதில் தப்பே இல்லை.

இப்போது மரத்தின் மேல் என்ன இருக்கிறது?

புது மரம் என்றால் கவலை குறைவு. பழைய வீடு என்றால் ஏற்கெனவே என்ன பூசியிருக்கிறது என்று தெரியாமல் அதன்மேல் எதையும் பூசக் கூடாது. கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பஞ்சில் கொஞ்சம் ஸ்பிரிட் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் அரை நிமிடம் தேயுங்கள்.

பஞ்சில் பழுப்பாக, பிசுக்கென்று ஒட்டிக்கொண்டு வந்தால் அது அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் போட்ட பழைய பிரெஞ்சு பாலிஷ். கலர் இளகி வந்தால் தண்ணீரில் கரையும் வகை பெயின்ட்டாக இருக்கலாம். எதுவுமே வரவில்லை என்றால் எண்ணெய் எனாமலோ, கெட்டியான பாலிஷோ இருக்கிறது என்று பொருள்.

இது ஏன் முக்கியம்? பழைய எனாமலின் மேல் காட்டமான தின்னர் கலந்த பாலிஷை நேரடியாகப் போட்டால், கீழே இருக்கும் எனாமல் சுருங்கி, பால் ஆடைபோல மடிப்பு மடிப்பாகத் தூக்கிக்கொள்ளும். பெயின்ட்டிலிருந்து பாலிஷுக்கு மாற வேண்டும் என்றால் மரம் தெரியும்வரை பழையதை எடுத்தே ஆக வேண்டும். அது செலவும் நேரமும் பிடிக்கிற வேலை. கீழே இருப்பது நல்ல தேக்கா, சாதாரண மரமா என்று ஒரு சின்ன இடத்தில் சுரண்டிப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். பழைய வீடுகளில் நாலைந்து கோட் பச்சை எனாமலுக்கு அடியில் அருமையான தேக்கு ஒளிந்திருப்பது உண்டு. சில சமயம் பட்டியால் ஒப்பேற்றிய விரிசல்களும் ஒளிந்திருக்கும்!

தேய்ப்பதற்கு முன்... குழந்தைகள் இருக்கிற வீடா?

இந்தப் பகுதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போக வேண்டாம்.

பழைய பெயின்ட்களில், குறிப்பாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சை போன்ற பளிச் நிற எனாமல்களில், நிறத்துக்காகவும் சீக்கிரம் காய்வதற்காகவும் ஈயச் சேர்மங்களைக் கலப்பது வழக்கமாக இருந்தது. ரசம் வைக்கிற ஈயச் சொம்பில் இருக்க வேண்டியது வெள்ளீயம். நாம் இங்கே சொல்வது காரீயம், அதாவது லெட். வீட்டு உபயோக பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியாவில் 2016-ல் விதி வந்தது. 2017 நவம்பர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு அடித்த எனாமல் உங்கள் கதவிலோ ஜன்னலிலோ இருந்தால், அதில் ஈயம் இருக்கலாம் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பெயின்ட் உரியாமல் ஒட்டியிருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டு தேய்க்கும்போதுதான் அது தூசியாகி வீடெங்கும் பரவும். தவழும் குழந்தை தரையில் கை வைத்து, அந்தக் கையை வாயில் வைக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது. உடலில் 'இவ்வளவு வரைக்கும் பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

என்ன செய்யலாம்?

* பழைய எனாமலைக் காயவைத்துத் தேய்க்க விடாதீர்கள். தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்க்கச் சொல்லுங்கள்.
* ஊது விளக்கால் சுட்டு உரிக்கும் முறை வேண்டவே வேண்டாம். ஈயம் புகையாக மூச்சில் ஏறும், தீ ஆபத்தும் உண்டு.
* வேலை நடக்கும் அறையில் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் இருக்க வேண்டாம். முடிந்தால் அந்த ஓரிரு நாள் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.
* தரையில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, விழுந்ததை அப்படியே சுருட்டி எடுங்கள். விளக்குமாறால் பெருக்காமல், ஈரத்துணியால் இரண்டு, மூன்று முறை துடையுங்கள்.
* தேய்க்கிறவரும் மனிதர்தான். முகத்தில் கட்டிய கர்ச்சீஃப் இந்தத் தூசியைத் தடுக்காது. N95 வகை மாஸ்க் வாங்கிக் கொடுங்கள்.

பழைய பூச்சு கெட்டியாக, உரியாமல் இருந்தால் முழுசாக எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. பளபளப்பு போகும் அளவுக்கு ஈரமாக லேசாகத் தேய்த்து, ப்ரைமர் போட்டு, மேலே புது பெயின்ட் அடித்தாலே போதும்.

எதற்கு எது? ஒரு சின்ன பட்டியல்

எண்ணெய் எனாமல்: ஊரறிந்த பெயின்ட். கெட்டி, பளபளப்பு, தண்ணீர் தாங்கும். குறை என்னவென்றால் வாசனை அதிகம், காய ஒரு ராத்திரி ஆகும், வெள்ளை நிறம் நாளடைவில் மஞ்சளாகும். வெளிச்சம் குறைந்த அறையில் இன்னும் வேகமாக மஞ்சளாகும்.

வாட்டர் பேஸ்டு எனாமல்: தண்ணீரில் கலக்குவது. வாசனை குறைவு, சீக்கிரம் காயும், வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். ஆட்கள் குடியிருக்கும்போதே வேலை செய்ய ஏற்றது. ஆனால் பழைய பளபள எனாமலின் மேல் தேய்க்காமல் அடித்தால் நகம் பட்டாலே உரிந்து வரும்.

பிரெஞ்சு பாலிஷ்: அரக்கும் ஸ்பிரிட்டும். பழைய தேக்கு, ரோஸ்வுட்டுக்கு இது கொடுக்கும் இதமான மினுமினுப்பு தனி. கீறல் விழுந்தால் அந்த இடத்தில் மட்டும் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் சூடான காபி டம்ளர் வைத்தால் வெள்ளை வளையம் விழும். தண்ணீர் படும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் ஆகாது.

மெலமைன் பாலிஷ்: உள்ளறைக் கதவு, கப்போர்டுகளுக்கு. பிரெஞ்சு பாலிஷைவிடக் கெட்டி. வெயில், மழை தாங்காது. பூசிய சில நாள்களுக்கு கண் எரிகிற அளவுக்கு நெடி இருக்கும்.

பி.யு. பாலிஷ்: பாலியூரித்தேன். இருப்பதில் உறுதியானது, விலையும் அதிகம். கைப்பிடிச் சட்டம், மரப்படி, தலைவாசல் கதவுக்கு ஏற்றது. வெளிப்பக்கத்துக்கு 'எக்ஸ்டீரியர்' என்று போட்டிருப்பதையே வாங்க வேண்டும். இரண்டு டப்பாவாக வந்து கலக்கிப் போடும் வகை இன்னும் கெட்டி. ஆனால் கலந்த பிறகு சில மணி நேரத்துக்குள் பூசி முடித்துவிட வேண்டும், மிச்சத்தை மறுநாளைக்கு வைக்க முடியாது.

இன்னொரு விஷயம். மரத்தின் ரேகை அழகாக இருந்தால் பாலிஷ், இல்லையென்றால் பெயின்ட். வேம்பு, மாமரம் போன்ற கலப்பு மரங்களில் செய்த கதவுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து பாலிஷ் போட்டு, கலர் ஒன்று சேராமல் திட்டுத் திட்டாக நிற்பதைவிட, நல்ல எனாமல் அடிப்பது எவ்வளவோ மேல்.

வேலை தேய்ப்பதில்தான் இருக்கிறது

பெயின்ட் அடிக்கும் நேரம் கொஞ்சம்தான். மரத்தைத் தயார் செய்வதுதான் பெரிய வேலை.

முதலில் அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கை சோப்புத் தண்ணீரால் துடைத்து நன்றாகக் காயவிட வேண்டும். குறிப்பாகச் சமையலறைக் கதவு. பிசுக்கின் மேல் தேய்த்தால் அழுக்கு மரத்துக்குள் இறங்குமே தவிர, போகாது. பிறகு உப்புத்தாள். எண் குறைவாக இருந்தால் சொரசொரப்பு அதிகம். 80 அல்லது 120-ல் ஆரம்பித்து, 180, கடைசியாக 220 என்று படிப்படியாகப் போக வேண்டும். மரத்தின் ரேகை ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் அப்போது தெரியாது, ஸ்டெயினோ பாலிஷோ போட்டதும் பூனை பிறாண்டியது போலக் கோடுகள் எழும்பும்.

அடுத்து ஓட்டைகளை அடைப்பது. பெயின்ட் அடிக்கப் போகிறீர்கள் என்றால் முதலில் வுட் ப்ரைமர் ஒரு கோட், பிறகு பட்டி, தேய்ப்பு, மறுபடி ப்ரைமர், அப்புறம் இரண்டு கோட் எனாமல். வெறும் மரத்தில் நேரடியாகப் பட்டி பார்த்தால், மரம் அதிலுள்ள எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், பட்டி பிடிப்பில்லாமல் உதிரும்.

பாலிஷ் போடப் போகிறீர்கள் என்றால் பட்டி கூடாது, மரத்தின் நிறத்துக்கு ஏற்ற வுட் ஃபில்லர்தான். மரத்தூளில் பசை கலந்து அடைக்கும் பழக்கம் நம்மூரில் உண்டு. பெயின்ட் அடித்தால் அது மறைந்துவிடும். பாலிஷ் போட்டால் பசை படிந்த இடம் ஸ்டெயினைக் குடிக்காது, வெளிறிய திட்டாக நிற்கும். தேக்கு மரத்தில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால், பூசுவதற்குச் சற்று முன்னால் தின்னர் நனைத்த துணியால் ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் சில பூச்சுகள் நாள் கணக்கில் காயாமல் இழுக்கும்.

ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவில் 320 எண் தாளால் லேசாகத் தடவி, தூசி துடைப்பது அவசியம். கையால் தடவும்போது மழமழவென்று இருக்கிறதா என்பதுதான் பரீட்சை. கண்ணைவிட விரல் சரியாகச் சொல்லும்.

மழைக்காலத்தில் கதவை இழைக்காதீர்கள்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கதவு இறுக்கிக்கொள்ளும். உடனே ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்துவிடுவோம். சித்திரை வெயிலில் மரம் சுருங்கியதும் பார்த்தால், கதவுக்கும் நிலைக்கும் நடுவில் பல்லி புகும் அளவுக்கு இடைவெளி! கொஞ்சம் பொறுத்து, மழை ஓய்ந்து மரம் காய்ந்த பிறகும் இறுக்கினால் மட்டும் இழைக்கலாம்.

கதவு ஏன் உப்புகிறது என்பதற்குப் பல வீடுகளில் ஒரே காரணம்தான். கதவின் மேல் விளிம்பிலும் அடி விளிம்பிலும் பூச்சே இருக்காது. முன்பக்கம் நாலு கோட் அடித்திருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அந்த இரண்டு விளிம்புகளும் பச்சை மரமாகவே நிற்கும். காற்றின் ஈரமும், தரை கழுவும் தண்ணீரும் அங்கேதான் உள்ளே போகின்றன. கதவைக் கழற்றி, ஆறு பக்கமும் பூசச் சொல்லுங்கள். கழற்ற முடியாதென்றால் சின்னக் கண்ணாடி ஒன்றைக் கதவுக்கு அடியில் காட்டிப் பாருங்கள், அடி விளிம்பின் லட்சணம் தெரிந்துவிடும்.

பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்பதற்காக மார்கழியில் அவசரமாக அடிப்பது நம் வழக்கம். மார்கழிப் பனியில் பாலிஷ் போடுபவர்கள் காலை பத்து மணிக்கு மேல் ஆரம்பித்து, பிற்பகலுக்குள் முடிப்பது நல்லது. ஈரக்காற்றில் பூசினால் சில பாலிஷ்கள் மேலே புகை படிந்ததுபோல வெளுத்துவிடும். அவசரமில்லை என்றால் மாசி, பங்குனிதான் மரவேலைக்கு ஏற்ற மாதங்கள்.

மாடிப்படி: பளபளப்பு வேண்டாமே!

வீட்டுக்குள்ளேயே மாடி ஏறும் டூப்ளெக்ஸ் வீடுகள் அதிகமாகிவிட்டன. கான்கிரீட் அல்லது இரும்புச் சட்டத்தின் மேல் மரப்பலகை பதித்த படிகள் பார்க்க அழகு. ஆனால் அதற்குக் கண்ணாடிபோல கிளாஸ் பாலிஷ் போட்டுவிட்டால்? ஈரக்காலோடு இறங்கும் பாட்டிக்கும், சாக்ஸ் போட்டுக்கொண்டு ஓடி வரும் குழந்தைக்கும் அது வழுக்குப் பாறை. வயதானவர்களுக்கு ஒரு சறுக்கல் இடுப்பு எலும்பு முறிவில் போய் முடியலாம்.

மிதிக்கும் பலகைக்கு 'மேட்' அல்லது 'சாட்டின்' வகை பி.யு. மட்டும் போடுங்கள். டப்பாவில் தரைக்கு உகந்தது என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபர்னிச்சருக்கான பாலிஷ் காலடியில் சீக்கிரம் தேய்ந்துவிடும். கடைசிக் கோட்டில் கலக்கும் வழுக்காத் தூள் கிடைக்கிறது. அல்லது படியின் விளிம்பில் சொரசொரப்பான பட்டை ஒட்டலாம். அந்தப் பட்டை படியின் நிறத்திலிருந்து நன்றாக மாறுபட்டுத் தெரிந்தால் இன்னும் நல்லது. பார்வை மங்கியவர்களுக்குப் படி எங்கே முடிகிறது என்று அதுதான் காட்டிக்கொடுக்கும்.

வேலை வரிசையும் முக்கியம்.

1. 'கிறீச்' என்று சத்தம் போடும் பலகைகளையும் ஆடும் கைப்பிடியையும் முதலில் திருகு போட்டு இறுக்குங்கள். பூசிய பிறகு இறுக்கினால் பூச்சு வெடிக்கும்.
2. இரும்புக் கிராதி இருந்தால் துருவைத் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு ப்ரைமர் போட்டு, அதன் பெயின்ட்டை முதலில் முடியுங்கள்.
3. அடுத்து கைப்பிடிச் சட்டம், பிறகு படிகளுக்கு நடுவே குத்தாக நிற்கும் பலகைகள். எல்லாம் முடிந்த பிறகுதான் மிதிக்கும் பலகை.
4. மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே பூச வேண்டும். கீழிருந்து ஆரம்பித்தால் மாடியில் மாட்டிக்கொள்வீர்கள்!
5. மாடியில்தான் படுக்கையறை, தினமும் ஏறியே ஆகணும் என்றால் ஒரு படி விட்டு ஒரு படி பூசுங்கள். பூசாத படிகளில் காகிதம் ஒட்டி அடையாளம் வையுங்கள். அவை காய்ந்ததும் மீதியைப் பூசலாம். முதியவர்கள் இரண்டு படி தாண்டி ஏற முடியாது என்பதால், அந்த நாள்களில் அவர்கள் கீழ்த்தளத்திலேயே தங்குவது நல்லது.

தொட்டால் ஒட்டவில்லை என்பதற்காகக் காய்ந்துவிட்டது என்று பொருளில்லை. பி.யு. முழுசாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும். அதுவரை வெறுங்காலோடு மெதுவாக நடக்கலாம். செருப்பு, கால்மிதி, பீரோ இழுப்பது எதுவும் வேண்டாம். பிறகும் மரப்படியில் மெழுகோ எண்ணெயோ தடவக் கூடாது. நன்றாகப் பிழிந்த ஈரத்துணி போதும்.

தின்னர் வாசனையும் சாமி விளக்கும்

தின்னர், ஸ்பிரிட் இரண்டும் எளிதில் தீப்பிடிப்பவை. அவற்றின் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு தவழ்ந்து, அடுத்த அறை வரை போகும். பாலிஷ் வேலை நடக்கும் நாளில் பூஜையறை விளக்கு, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு மூன்றுக்கும் விடுமுறை கொடுத்துவிடுங்கள். ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும்.

லின்சீட் ஆயில் நனைத்த துணிகளை உருட்டி மூலையில் போட்டால், அது தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். கேட்க ஆச்சரியமாக இருந்தாலும் இது நிஜம். விரித்துக் காயவைத்து, அல்லது தண்ணீரில் ஊறவைத்துப் பிறகு அப்புறப்படுத்துங்கள். இரண்டு டப்பா பி.யு.வை ஸ்பிரே செய்யும்போது அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கிளப்பிவிடலாம். வீட்டில் வீஸிங் தொந்தரவு உள்ளவர்கள் இருந்தால், தண்ணீரில் கலக்கும் பி.யு.வை பிரஷ்ஷால் பூசச் சொல்லுங்கள். ஸ்பிரேதான் என்றால், அடிப்பவருக்கு கார்ட்ரிட்ஜ் மாஸ்க் அவசியம்.

பெயின்ட்டரிடம் முன்கூட்டியே பேச வேண்டியவை

பிரச்னை பெரும்பாலும் பேசாமல் விட்டதில்தான் வரும். கதவை ஒரு பக்கம் அளப்பதா, இரண்டு பக்கமுமா? நிலை தனிக் கணக்கா? எத்தனை கோட் ப்ரைமர், எத்தனை கோட் பெயின்ட்? கிராதிக்கு எப்படி அளவு? கதவைக் கழற்றி மாட்டுவது யார் பொறுப்பு? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பொருள் கணக்கை நீங்களே போடலாம். 7 அடிக்கு 3 அடிக் கதவு என்றால் ஒரு பக்கம் 21 சதுர அடி, இரண்டு பக்கமும் 42. நிலையையும் சேர்த்தால் ஏறக்குறைய 50. ஒரு லிட்டர் எனாமல் ஒரு கோட்டுக்கு சுமார் 100 சதுர அடி வரும். ஆக, இரண்டு கோட்டுக்கு ஒரு கதவுக்கு ஒரு லிட்டர். அதைவிட ரொம்பக் குறைவாக முடிந்துவிட்டால், ஒன்று கோட் குறைந்திருக்கிறது, இல்லை தின்னர் அதிகமாகியிருக்கிறது. எந்தப் பூச்சுக்கு எந்த தின்னர் என்று டப்பாவிலேயே இருக்கும். மாற்றிக் கலந்தால் பூச்சு திரிந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மாதிரி கேளுங்கள். கதவின் பின்பக்கமோ, அதே மரத்தின் ஒரு துண்டிலோ, ஸ்டெயின் முதல் கடைசிக் கோட் வரை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். கேட்லாக்கில் பார்த்த வால்நட் நிறம் உங்கள் வீட்டு வேங்கை மரத்தில் அப்படியே வராது.

வேலை முடிந்ததும் மிச்சமான பெயின்ட்டை ஒரு சின்ன டப்பாவில் இறுக மூடி, கலர் நம்பர், தேதி, எந்த அறை என்று எழுதி ஒட்டிவைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் கைப்பிடி ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால், பத்து நிமிடத்தில் நீங்களே சரிசெய்துவிடலாம். கீறல் வழியாக ஈரம் உள்ளே போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், திரும்பவும் உப்புத்தாளில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.